பதினாலு மைக்ரான்

டார்ட்டு நகரில் இரவு மூன்று மணி.
எமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
லீவிக்கா கோட்டைக் கழற்றாமலே
நுண்ணோக்கியில் குனிகிறாள்.

ஈஸ்ட். குச்சி குச்சியாய்.
ஒவ்வொன்றின் இரு நுனியிலும்
பச்சையாய் ஒளிர்கிறது கைனேஸ்:
இன்னும் இல்லை, இன்னும் இல்லை.
செல் நீள நீள
அந்தச் சொல் நடுவுக்கு எட்டாமல் தேய்கிறது.
எட்டாத இடத்தில்
விழுகிறது குறுக்குச் சுவர்.

பிளக்கச் சொன்னவர் யாருமில்லை.
தடுத்த குரல்
தூரமாகிவிட்டது.

அடுத்த தட்டில் அந்த ஜீனை
போன வாரம் அவளே நீக்கியிருந்தாள்.
அங்கே எல்லாம் அவசரம்:
வளருமுன் பிளந்து,
கோணலாய்,
ஒரு பாதி குட்டை, ஒரு பாதி நெட்டை.

பிழை என்று எழுதப் போனவள்
மறுபடி பார்க்கிறாள்.
குட்டையும் வளர்கிறது.

நோட்டில் நேரத்தை மட்டும் குறிக்கிறாள்.
ஹீட்டர் இருமுகிறது.