அப்புறம் என்றால் எத்தனை நிமிடம்

ஏழு நேர்காணல்கள்.
ஏழிலும் அவள் தடுக்கி விழுந்தது ஒரே கேள்வியில்:
ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்ப்பீர்கள்?
கண்ணாடியில், என்றிருக்கிறாள் போக்னா ஒருமுறை.
கிண்டல் இல்லை.
மற்ற ஆறு முறையும் தெரியாது என்றாள்.
தெரியாதுதானே.

எட்டாவதற்கு நானும் கூடப் போனேன்.
வூச் நகரத்து டிராம் பணிமனை, பிப்ரவரி,
வாசல் படியில் உப்புத் தூவியிருந்தார்கள்.
கேள்வி வேண்டாம், வேலை கொடுத்துப் பாருங்கள் என்றேன்.
பொறுப்பாளர் டோபியெஸ்வாவ்
ஒரு டின் திருகாணிகளை மேசையில் கவிழ்த்தார்,
பல வருடமாக யாரும் பிரிக்காதவை.
இரண்டு மணி நேரம் அவள் நிமிரவில்லை.
கடைசியில் ஒன்றை மட்டும் தனியே தள்ளி வைத்தாள்:
"இது டிராமுடையது இல்லை.
நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியுடையது."
அவர் எழுந்து, நாற்காலியை ஆட்டிப் பார்த்து,
திங்கட்கிழமை ஆறு மணிக்கு வரச் சொன்னார்.

வேலை வாங்கித் தருவது ஒரு நாள் காரியம்.
வாங்கிய வேலை நிற்க வேண்டும்,
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
ரீங்கரிக்கும் டியூப்லைட்டை மாற்ற வைத்தேன்
(வேறு யாருக்கும் கேட்கவில்லை என்றார்கள்,
கழற்றிய பிறகுதான் கேட்டது).
சுவரோரம் மேசை. ஒரே ஒரு ஆணை, ஒரே ஒரு ஆளிடமிருந்து.
"அப்புறம் கொண்டு வா" என்று கத்துவார்கள் பட்டறையிலிருந்து.
அப்புறம் என்றால் எத்தனை நிமிடம்?
சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள்.
பிறகு நேரம் சொல்லப் பழகினார்கள்.

நானும் தப்புச் செய்தேன்.
கண்ணைப் பார்க்க முடியாவிட்டால்
புருவத்தைப் பார்த்துப் பேசு என்று பயிற்சி கொடுத்தேன்.
ஒரு வாரம் புருவங்களைப் பார்த்தாள்,
தவறான பிரேக் கட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.
"முகம் பார்த்தால் சொல் கேட்காது.
உங்களுக்கு எது வேண்டும்?"
சொல், என்றேன்.

மூன்றாம் வருட ஏப்ரலில் டோபியெஸ்வாவ் ஓய்வு பெற்றார்.
புதிதாக வந்த ராடோமிவா நல்லவர்.
கேக் கொண்டுவந்தார், ரேடியோ வைத்தார்,
எல்லோரோடும் கலந்து பழகட்டும் என்று
போக்னாவின் மேசையை வாசலருகே நகர்த்தினார்.
நான்காம் நாள் மேசை காலி.
ஒன்பதாம் நாள்தான் எனக்குத் தகவல் வந்தது.

நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை.
கதவைத் திறந்தவள் சீருடையில் இருந்தாள்.
தினமும் ஐந்தே காலுக்கு உடுத்தி,
நிறுத்தம் வரை போய்,
டிராம் வந்து, கதவு திறந்து, மூடிப் போனதும்
திரும்பி வந்திருக்கிறாள்.
ஒன்பது நாளும்.
"என் மேசை அங்கே இல்லை" என்றாள்.
ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன்.
எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன்.
வரைந்து தந்தாள், சென்டிமீட்டர் கணக்கோடு.

"எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார் ராடோமிவா.
உண்மை.
எல்லாம் ஒருவர் ஞாபகத்தில் இருந்தது,
அந்த ஞாபகம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போய்விட்டது.
மிச்சம் நாலு பக்கம்,
என் அலமாரியில், என் பூட்டுக்குள்.

போக்னாவே எழுதினாள்,
தானே சுவரில் ஒட்டினாள்:
மேசை நகரக் கூடாது. ரேடியோ பத்து மணிக்கு மேல்.
அவசரம் என்றால் ஏன் அவசரம் என்று சொல்லவும்.
மறுவாரம் அதன் கீழே இன்னொரு தாள், கிரீஸ் கைரேகையோடு:
முதுகுப் பக்கம் நின்று கூப்பிடாதீர்கள். திடுக்கிடுகிறது.
— ஸெனான், வெல்டிங்.
இருபத்தாறு வருடம் அங்கே வேலை பார்ப்பவர்.

நேற்று கிளம்பும்போது வாய் தவறிவிட்டது:
சரி போக்னா, அப்புறம் வருகிறேன்.
பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.
அக்டோபர் ஒன்பது, பத்தரை மணி, என்றேன்.
எழுதினாள்.
"வராவிட்டாலும் வேலை நடக்கும்" என்றாள்,
திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே.