தொண்ணூற்றிரண்டு

குழாயை நிமிர்த்தி நிறுத்திவிட்டால்
ஒரு மணி நேரம் அதைத் தொடக்கூடாது.
மேஜை ஆடக்கூடாது.
டானிங்டன் வளைவில் பஸ் கியர் மாற்றும்போதெல்லாம்
எங்கள் மேஜை ஆடும்.
தாங்கிக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை
வெட்டிப் போட்டிருக்கிறேன்.
பாதி ஆட்டத்தை அது குடித்துவிடும்.

இருபது கோடு இறங்கினால் சரி.
ஆரோக்கியமேரியின் ரத்தம்
தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கி
மேலே சாயம்போன மஞ்சளை விட்டுவைத்தது.
சி.ஆர்.பி.யும் எக்கச்சக்கம்.

"இதுக்குப் பேரு என்ன தம்பி?"
பேர் இல்லையக்கா.
எங்கேயோ எரிகிறது என்று புகை சொல்கிறது,
எந்த வீடு என்று சொல்லாது.

டாக்டர் நளினாட்சி வீடு வீடாகத் தட்டினார்.
விடிகாலையில் விரல் மடங்குகிறதா?
"மடங்காட்டி கிலோ சேராதுங்க."
சாயங்காலம் காய்ச்சலா?
"சாயங்காலந்தான் உக்காருவோம்.
அப்பத்தான் தெரியும்."
இருமல்? லைனில் யாருக்கு இல்லை.
மூத்திரம் எரிகிறதா?
காட்டு மேட்டில் கக்கூஸ் கிடையாது,
தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள்.
கடைவாய்ப் பல் ஒன்று
இரண்டு மழைக்காலமாகச் சொத்தை.
எடை குறைந்ததா?
தராசில் இதுவரை ஏறியது இலை மட்டும்.

எல்லாக் கதவும் கொஞ்சம் சூடாகவே இருந்தது.
காசம், முடக்குவாதம், சிறுநீர்த் தொற்று, பல்
என்று சொல்லிக்கொண்டே வந்தவர்
கடைசிச் சொல்லைச் சீட்டில் எழுதினார்,
வாயால் சொல்லவில்லை.
எழுத்துக் கூட்டத் தெரிந்தவள்தான்.
மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேவுக்கு உடை மாற்றும்போது
சிஸ்டர் மிச்சி பார்த்தார்:
பாவாடை நாடா அழுந்தும் இடத்தில்
பீடி சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு.
வலிக்கவில்லை, அரிக்கவில்லை,
அதனால் யாரிடமும் சொல்லவில்லை.
"வெறகுக்கு எங்க போன?"
"கீழ ஓடையோரம், உண்ணிச்செடி வெட்ட."
உண்ணிச்செடிக்குள்
கண்ணுக்குத் தெரியாத உண்ணி.
பேரிலேயே இருந்திருக்கிறது.

மாத்திரை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.
பத்தாம் நாள் மறுபடி குத்தினேன்,
அறுபத்தொன்று.
மெதுவாகத்தான் இறங்கும் என்றேன்.
"கொழாயில எறங்குனா கெட்டது,
காயிதத்துல எறங்குனா நல்லதா?"
சிரித்தாள்.
அந்தச் சீட்டு இன்னும் ஜாக்கெட்டில் இருந்தது.

கடையடைப்பன்று யாரும் வரவில்லை.
நடு ரோட்டில் காட்டெருமை ஒன்று
வெகுநேரம் அசைபோட்டு நின்றது.
சும்மா என் கையிலேயே குத்தி
குழாயை நிறுத்தி
ஒரு மணி நேரம் பார்த்திருந்தேன்.
முப்பத்தெட்டு.
பஸ் போய் மேஜை ஆடியிருக்கும் என்று
கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.