இரண்டு பிறைக்கு ஒரே மாவு

குன்னூர் மேட்டில், பஸ் திணறி ஏறும் வளைவில்
பதினோரு வருடமாக வர்க்கி போடுகிறேன்.
வாழைப்பழமும் ரவையும் சேர்ந்து
ஜாடிக்குள் மூச்சுவிடும் தாய்மாவு.
ஜாடி ஹனீபா பாயுடையது,
அதைத் தட்டி எழுப்பும் கை என்னுடையது.
முழங்கைவரை புளித்தவன் நான்.

மேல்துண்டின் நான்கு மூலையிலும்
நீலநூல் தொங்கல் முடிந்திருக்கிறேன்.
அடுப்பில் படாமல் இடுப்பில் செருகிக்கொள்வேன்.
காரமடை லாரி டிரைவர் ஒருநாள்
"துணி பிரியுது மாஸ்டர்" என்றார்.

தோரா எனக்கு சீனாய் மலையின் இடி இல்லை.
தராசுத் தட்டில் ஒட்டிய சர்க்கரையை
எடைக்கு முன் துடைப்பது.
விறகு இறக்கும் மாதனின் கூலியைப்
பொழுது இறங்குமுன் கொடுப்பது.
வெள்ளி மாலை, மலை ரயில் ஊதும்போது
கையைக் கழுவி
சனி இருட்டும்வரை கழுவிய கையோடு இருப்பது.
யெஷுவாவின் வீட்டிலும்
தச்சுக்கூலி நேரத்துக்கு வந்ததோ என்னவோ.

அருவங்காட்டில், டயர்க்கடை மாடியில்
எட்டுக் குடும்பம் கூடிவந்தோம்.
போன வருடம் ஐந்தும் மூன்றும் ஆனோம்.
காரணம் நிலா.
மாசிலாமணி அண்ணனுக்கு அச்சடித்த காலண்டர்.
கார்டைட் ஃபேக்டரி திரவியத்துக்குக்
கண்ணால் கண்ட பிறை.
இந்த ஊரில்!
எதிர்வீட்டு பல்பே தெரியாத பனியில்
குல்லாவும் ஸ்வெட்டருமாக
மூன்று குடும்பம் மேட்டில் நின்று
மேகத்தைப் பார்த்தது.
"எங்களுக்கும் உண்டுப்பா பிறைச் சண்டை,"
பாய் சிரித்தார், "ஒரே தெருவில் ரெண்டு பெருநாள்."

இந்தப் பஸ்காவுக்கு ஒரு நாள் வித்தியாசம்.
அவர்களுக்குச் செவ்வாய் இரவு, இவர்களுக்குப் புதன்.
இருவரும் என் கதவைத் தட்டினார்கள், தனித்தனியாக.
"அப்பம் நீ சுட்டுக்கொடு, மாவு தெரிந்த கை."
நீ யார் பக்கம் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

குணசீலி வீடெல்லாம் புளிப்பு தேடினாள்,
மெத்தைக்கடியில், மிக்ஸியின் கழுத்தில்.
பையனின் ஸ்கூல் பை ஓரத்தில்
நசுங்கிய வர்க்கி ஒன்று. நான் போட்டதுதான்.

பாயிடம் எட்டு நாள் லீவு கேட்டேன்.
"உங்க வேதம் ஏழுதானே சொல்லுது?"
"ஏழுதான் பாய். ரெண்டு ஏழு."

ஒரே பேசினில் பிசைந்தேன்.
தண்ணீர் பட்டதும் ஓட்டம்,
கல்லில் போட்டு முள்கரண்டியால் குத்திக் குத்தி.
இரண்டு கவரில் கட்டினேன்.
எது காலண்டர் அப்பம், எது பிறை அப்பம்,
கட்டியபின் எனக்கே தெரியவில்லை.

புதன் சாயங்காலம் மழை பிடித்தது.
திரவியம் வீட்டு ஓடு ஒழுகி
கவருக்குள் அப்பம் கூழாகக் கிடந்தது.
மூன்று குடும்பமும் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றோம்.

வாசலில் குடை.
மாசிலாமணி அண்ணன், கையில் எவர்சில்வர் தூக்கு,
அதில் நேற்றைய மீதி.
யார் போன் போட்டார்களோ;
குணசீலி என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவர் படி ஏறவில்லை.
"ஆட்டுக்குட்டிக்கு வீட்டில் ஆள் போதாவிட்டால்
அண்டை வீட்டானைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது,"
கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் சொன்னார்.
"அவன் பார்த்த பிறையை விசாரிக்கச் சொல்லவில்லை."

திரவியம் தூக்கை வாங்கினார்.
உள்ளே வாங்க என்றாராம்.
மழையில் கேட்கவில்லையாம்.
இருவரும் இன்னும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் அடுப்படிக்குப் போனேன்.
ஜாடி மூடியைத் தள்ளி வழிந்திருந்தது.
சம்பளத்தில் ஏழு நாள்தான் பிடித்திருந்தார்.
ஒரு நாள் கூலியை எடுத்துப்போய் நீட்டினேன்.
பாய் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்:
"அன்னிக்கு ஒரே பனிப்பா.
நீ வந்தியா இல்லையான்னே தெரியலை."