நுகர்வு

பீடோர் செம்பனை ஆலை ஆபீசில்
மலாய்க் கடிதங்களைத் தமிழாக்குவது என் வேலை.
தொட்டி விரிசலில் வெள்ளத் தண்ணீர் புகுந்த வாரம்
இப்படி எழுதி ஒட்டினேன்:
“மேற்கண்ட நீர் மனித நுகர்வுக்கு
உகந்ததன்று என இதன்வழி
அறிவுறுத்தப்படுகிறது.”
இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் லயத்து வேதவல்லி
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
குவளையில் பிடித்து
மூக்கருகே கொண்டுபோனாள்.
ஒரு வாடையும் இல்லை.
சிரப் கலக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

தாப்பா ஆஸ்பத்திரி.
சின்னவன் கையில் ஊசிக்குழாய்.
“மோந்து பாத்தேன் கிராணி,
நல்லாத்தான் இருந்துச்சு.
நான்தான் சரியாப் படிக்கல போல.”
அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது
புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றிரவே கிழித்தேன்.
பசை லேசில் விடவில்லை;
‘உகந்த’ மட்டும் சுவரில் தங்கிவிட்டது.
அதன் மேலேயே புதுத்தாள்:

இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க.
குளிக்கலாம். துணி துவைக்கலாம்.
வெள்ளிக்கிழமை வரைக்கும்.

கீழே, வங்காளதேசத்து ஷொஹிதுலுக்காக
ஒரு குழாய் வரைந்து குறுக்கே கோடு போட்டேன்.
குழாய் துதிக்கை போல வந்தது.
யானைகளுக்குத் தடை என்று
யாரும் நினைக்காமல் இருக்க வேண்டும்.

காலையில் வேதவல்லி வந்து நின்றாள்.
விரல் வைக்காமலே வாசித்தாள்.
போனவள் திரும்பி வந்து
ஜன்னலைத் தட்டினாள்:
“வெள்ளிக்கிழமையும் சேத்தா, கிராணி?”

பேனாவைத் தேடினேன்.