ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு

சுட்டால் வளரும் உலோகம் இது.
ஒவ்வொரு வெடிக்கும் பித்தளை
முன்னோக்கி ஒரு மயிரிழை நகரும்.
கழுத்து நீண்ட கூட்டில்
திரும்பவும் மருந்திட்டு நிரப்பினால்
துப்பாக்கியின் தொண்டைக்குள் அது
குண்டை இறுக்கிப் பிடிக்கும்.
அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம்
கட்டையில் ஒட்டியிருப்பது யார் கன்னம்
என்று விசாரிக்காது.

ஆகவே நறுக்க வேண்டும்.
எதைக் கொண்டு?
நவம்பர் முழுக்க எனக்கு இதே வேலை.

பகலில் நான் பல் செய்கிறவள்.
கயானி ஊரில் கால்வாசிப் பேர்
கம்பு ரொட்டியை மெல்வது
என் கடைவாய்ப் பற்களால்.
உயரம் ஒரு தாள் கனம் கூடினால்
மறுநாளே தாடையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.
மூஸ் மான் அப்படித் திரும்பி வந்து
புகார் சொல்லாது, அவ்வளவுதான்.

ஹெய்மோ கடையில்
மேசைமேல் மூன்றை வைத்தான்.
ஊசியும் வெட்டலகுமாய் ஒன்று,
ஒரு வேளைச் சாப்பாட்டு விலை.
நீளத்தைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிட்டது.
"உன் கருத்தைக் கேட்காது" என்றான்.
எனக்குக் கருத்து இருந்தது. தள்ளி வைத்தேன்.

மற்ற இரண்டில்தான் சிக்கல்.
கைப்பிடி சுற்றும் சின்னக் கடைசல்
கூட்டின் அடியைக் கவ்வி அங்கிருந்து அளக்கும்.
மோட்டார் வைத்ததோ
தோளில் முட்டி நின்று வாயை வழிக்கும்,
கூட்டுக்கு இரண்டு நொடி.
"சட்டை தைப்பவன் தோளிலிருந்து அளப்பான்,
சவப்பெட்டி செய்பவன் பாதத்திலிருந்து.
நீ யார்?" என்றான் ஹெய்மோ.
யோசித்துச் சொல்கிறேன் என்று
கையுறையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மன்றத்துத் தோழி தாய்மி
தன் மோட்டாரை ஓர் இரவுக்குத் தந்தாள்.
பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாதென்று
மாடிப்படியில் தாள் ஒட்டியிருக்கிறது.
பத்தரைக்குத் தொடங்கினேன்.
நூற்று இருபது கூடுகள், நாற்பது நிமிடம்.
தரை முழுக்க ஒரு வண்டின் முனகல்.
பிசிறுகள் காலுறையில், வெண்ணெயில்,
ஒன்று பூனையின் மீசையில்.
கேலிப்பரில் பிடித்துப் பார்த்தேன்:
எழுபத்தெட்டு, எண்பத்தைந்து, எண்பத்திரண்டு.
தோள் நெருப்பில் அசைந்த அளவுக்கு
நீளமும் அசைந்திருந்தது.

மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டுக்
கைக்கடைசல் வாங்கினேன்.
ஐம்பத்து நான்கு புள்ளி எண்பது.
எண்பது.
எண்பது.
எண்பத்தொன்று, அது என் முழங்கையின் குற்றம்.
அந்த அமைதியில் பித்தளை சீவப்படுவது
ஆப்பிள் தோல் உரிவதுபோலக் கேட்டது.

மூன்றாம் இரவு கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு ஒனெர்வா மொய்லானென்,
இரவு உடைமேல் குளிர்கோட்டு,
கண் இரண்டும் வீங்கி.
மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.
"அன்றைக்கு ஒரு சத்தம் வந்ததே" என்றாள்.
"தெரியும், இனி வராது" என்றேன்.
"வராதா?"
அவள் முகம் விழுந்தது.
"பிறந்த பதினோரு வாரத்தில்
அவன் நாற்பது நிமிடம் சேர்ந்தாற்போல் தூங்கியது
அந்த ஒரு ராத்திரிதான்."

அடியிலிருந்து அளப்பதன் மேன்மையை
அவளிடம் விளக்கினேன் என்று
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு
என்றுகூடச் சொன்னேன்.
தலையாட்டினாள்.
படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்தே போனாள்.

கைப்பிடியைச் சுற்ற உட்கார்ந்தால்
கீழிருந்து அழுகை ஏறி வருகிறது,
சரியாக என் நாற்காலிக்கு அடியில்.
எண்பது. எண்பது.

தாய்மிக்குப் போன் போட்டேன்.
"விற்பாயா?"
"நூறில் ஏழு பங்கு தப்பு என்றாயே?"
"ஆமாம்."
"பிறகு அதில் எதை வெட்டப்போகிறாய்?"
"ஒன்றும் வெட்டப்போவதில்லை. சும்மா ஓடட்டும்."
சிறிது நேரம் அவளிடமிருந்து பேச்சில்லை.
அறுபது யூரோ என்றாள்.

பத்தரை மணி.
மோட்டாரைத் தரையில் வைத்தேன்.
பழக்கத்தில் அடியில்
ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தேன்.
பிறகு துண்டை உருவிவிட்டேன்.