பத்தேபத்து

கார்த்திகை பிறந்தால் பீல் நகரத்தில்
ஏரியிலிருந்து புகார் எழும்பும்.
எங்கள் மூன்றாம் மாடி யன்னலில் சாய்ந்து
மாசி வரைக்கும் போகாது.
புகார் என்றால் பனிமூட்டம்,
புகார் என்றால் முறைப்பாடும்தான்.
நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு.
நடுவில் ஒன்பது மணித்தியாலம்
மணிக்கூட்டு முகங்களுக்கு முள் பூட்டும் வேலை.
கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறவற்றை
பத்தேபத்தில் நிறுத்துவோம்,
அப்போதுதான் சிரிக்கிற மாதிரி இருக்குமாம்.
வீட்டுப் படியேறுகையில்
நானும் பத்தேபத்து.

தையில் ஒரு நாள், ரயில் நிலையப் பக்கத்துக் கடையில்
விற்றமினுக்கும் பற்பசைக்கும் இடைத்தட்டில்
மஞ்சள் பூப் போட்ட பெட்டி.
யொஹானிஸ்கிரவுட்.
சீட்டு வேண்டாம், டொக்டர் வேண்டாம்,
காசு வாங்குகிற பெட்டை
முகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
மூலிகைதானே, மருந்தில்லையே என்று
சீரகப் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன்.
ஜெயகரனின் கை எட்டாத இடம்.

பங்குனி முடிய
கறியில் உப்புத் தெரிந்தது.
குளிக்கும்போது ஒரு பாட்டு வாயில் வந்து
பாதியில் சொல் மறந்து போனது.
அதற்கு நான் அழவில்லை.

வைகாசியில் முதல் நல்ல ஞாயிறு.
கயிறிழுக்கும் ரயிலில் மக்லிங்கனுக்கு ஏறினோம்.
பக்கத்தில் ஒரு குடும்பம்
பிள்ளைகளைப் பிடித்துவைத்துக் கிரீம் பூச,
ஜெயகரன் சிரித்தான்:
"வவுனியா வெயிலையே குடிச்ச தோல்,
எங்களுக்கு இதெல்லாம் நிலவு."
கையில்லாச் சட்டையோடு புல்லில் படுத்து
குளிர்காலம் எனக்குத் தரவேண்டிய வெளிச்சத்தை
வட்டியும் முதலுமாய் வாங்கினேன்.

இரவு, தோளில் துணி படக்கூடவில்லை.
முன்கையில் கொதிதண்ணீர் ஊற்றிய மாதிரி,
கழுத்தில் கடுகு கடுகாய்க் கொப்புளம்.

திங்கட்கிழமை மருந்துக்கடை.
திருமதி எஷ்லிமன்
தாளிலிருந்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
படத்தில் வெள்ளைத்தோல் சிவந்திருந்தது.
என்னுடையது சிவக்கத் தெரியாத தோல்.
கறுத்து, இறுகி, உள்ளுக்குள் எரியும்.
தொடலாமா என்று கேட்டு
புறங்கையால் சூடு பார்த்தாள்.
பிறகு: "மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா?"

"இல்லை," என்றான் ஜெயகரன்
எனக்காக, உடனே, நல்ல ஜெர்மனில்.

"மூலிகை?"

குளிர்பெட்டி மட்டும் உறுமியது.
சொன்னேன். பெயரைச் சரியாய் உச்சரித்ததே
காட்டிக்கொடுத்திருக்கும்.

அந்தப் பூவைக் கசக்கினால்
மஞ்சள் போய் விரலில் சிவப்பு ஒட்டும் என்றாள்.
சிலபேருக்கு வெயிலைத் தோலில் இறுக்கிப் பிடிக்குமாம்.
களிம்பு தந்தாள். டொக்டரோடு கதையுங்கள் என்றாள்,
கையைக் குறித்தாளோ, எதைக் குறித்தாளோ.

வெளியே வந்து
சுவர் நிழலை எனக்கு விட்டு
வெயில் பக்கம் அவன் நடந்தான்.
தன் தொப்பியைக் கழற்றி நீட்டினான்,
என் தலைக்கு அது பெரிசு.
பஸ் தரிப்பிடத்தில்தான் வாய் திறந்தான்:
"எப்ப இருந்து?"

"மாத்திரையோ, மற்றதோ?"
என்று கேட்டேன்.

எங்கள் பஸ் வந்தது.
கதவு திறந்து, கொஞ்சம் பொறுத்து,
மூடிக்கொண்டு போனது.