உம்

அந்த ஆலையை இங்கே யாரும் தேடவில்லை.
குரோமியத் தொட்டியின் ஆவி
ஜெபமணியின் மூக்குத் தடுப்பில் ஓட்டை போட்டிருந்தது.
ஒரு பக்கம் விட்ட தீக்குச்சியை
மறுபக்கம் எடுத்துக் காட்டுவான்,
கல்யாண வீடுகளில், யாராவது கேட்டால்.

பீன்யா, இரண்டாம் கட்டம்.
பதினோரு வருடம் பூட்டிக் கிடந்த கேட்டுக்குப் பின்னால்
நாய்களும் ஆமணக்கும்.
எங்கள் போர்வெல்லில் வந்தது மஞ்சள் தண்ணீர்;
மாமன் மேல் ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர் இல்லை.
குளித்தால் முழங்கை அரிக்கும்.

பிறகு ஒரு மாசியில் லாரிகள் வந்தன,
இரவில் மட்டும்.
நீலத் தார்ப்பாய் போர்த்தி மண்ணை அள்ளிப் போயின.
எங்கே கொட்டினார்கள் என்று
வேறொரு தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

கட்டடம் எழும்பியது. ஒரு சன்னல் இல்லை.
புகை வராது, நாற்றம் வராது, சங்கு ஊதாது,
ஆள்கூட அதிகம் வரமாட்டார்கள்
என்றார் வெள்ளைத் தொப்பிக்காரர்.
கடைசியில் சொன்னதைச் சந்திரகலா பிடித்துக்கொண்டாள்:
அப்போ என் பையனுக்கு வேலை?
செக்யூரிட்டி நாலு பேர், புல்லுக்கு ஒருத்தர்.
மற்றதெல்லாம் கம்ப்யூட்டர்.
அதுகளுக்குச் சூடு ஆகாதாம்.

சித்திரையில் தொடங்கியது.
இரைச்சல் என்று சொல்லிவிட முடியாது.
கதை கேட்கிறவர் உம் கொட்டுவாரே, அந்த உம்.
குழந்தைக்குக் காய்ச்சல் என்றேன். உம்.
டாங்கர் தண்ணீர் எழுநூறிலிருந்து ஆயிரத்து நூறு. உம்.
தலையணைக்குள்ளிருந்து கேட்கிறது என்றாள் மனைவி.
உம். உம்.
சொல்கிறவர்கள் தூங்கிப்போன பிறகும்
கதை முடிந்ததென்று அதற்குத் தெரியவில்லை.

போனில் அளந்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு அறுபத்தாறு டெசிபல்.
கேஸ் ரசீதுகளின் முதுகில்
நாற்பது நாள் கணக்கு.
வாரிய அதிகாரி வந்தார்.
சன்னலைச் சாத்திவிட்டு அளந்தார்.
வரைபடத்தை விரித்து எங்கள் தெருவின் மேல் பேனாவை வைத்தார்:
ஊதா நிறம். தொழிற்பேட்டை.
ராத்திரி எழுபது வரை போகலாம்.
வீடுகளுக்குத்தான் நாற்பத்தைந்து.
இல்லி மனெ இல்லா, என்றார் கன்னடத்தில்.
மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

நான் நின்றிருந்தது என் அடுக்களையில்.
அடுப்பில் பால் பொங்க இருந்தது.
அவர் குடித்த காபி
அந்த இல்லாத வீட்டுக் காபிதான்.

பி-கத்தா மனைகள்.
பத்திரம் உண்டு, வரி ரசீது உண்டு, கடன் உண்டு.
புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம்:
கட்டட ஒப்புதல் எண்.
சத்தம் என்று எழுதிக் கொடுத்தால்
சத்தமில்லாமல் இடிக்க வருவான், என்றார் நாகேந்திரன்.
கூட்டத்தில் முப்பத்தொரு பேர்.
மொய் நோட்டுக்கு நீள்கிற கைகள்
காகிதத்தை வாங்கின, வாசித்தன, பக்கத்து மடியில் வைத்தன.
சுற்றிச் சுற்றி அது என்னிடமே திரும்பியது.
நானும் கையெழுத்துப் போடவில்லை.
இதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
ஒரு கணம், ஒரே ஒரு கணம்,
அங்கேயும் எல்லாம் நின்றது.
யாரோ மூன்று வீடு தள்ளி இருமினார்கள்.
எங்கள் குளியலறைக் குழாய் சொட்டுகிறது;
எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

அப்புறம் டீசல் ஜெனரேட்டர்கள் பன்னிரண்டும்
ஒரே மூச்சில் பிடித்தன.
தெரு முழுக்க இருட்டு,
வேலிக்குள் புல் மட்டும் பச்சைப்பசேலென்று.
அந்த விளக்கின் மிச்ச வெளிச்சத்தில்
எதிர் மொட்டைமாடியில் ரிஸ்வானா.
புருஷன் துபாயில் சம்பாதித்து
போன வருடம்தான் மாடி எழுப்பினாள்.
இடித்தால் அவளுக்குத்தான் அதிகம் போகும்.
எவ்வளவு காட்டுது, என்று கத்துகிறாள்
என்று வாயசைவில் புரிந்தது.
எண்பத்து மூணு!
அவளுக்குக் கேட்கவில்லை.
விரல் விரித்தேன். எட்டு. அப்புறம் மூன்று.

அவள் ஒரு உள்ளங்கையை நீட்டி
மறுகையால் அதன்மேல் கிறுக்கிக் காட்டினாள்.
ஒருமுறை. புரியாதோ என்று இன்னொரு முறை.

நாலு சதவீத சார்ஜ் மீதியுள்ள டார்ச்சில்
அந்தக் காகிதம் எந்த டிராயரில் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.